பதினான்காம் கணினியில் ஒரு 'பழுது' ஸ்டிக்கர்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் பாதி என்னுடையது இல்லை. என் கணினியைச் சரிபார்க்க வந்த சர்வீஸ்காரர் விட்டுவிட்டுப் போனது.

இருபத்தேழு வருடங்களாக வாரப் பத்திரிகைகளில் தொடர்கதை எழுதுகிறேன். ஒவ்வொரு வாரமும் யாராவது ஒருவர் ஒரு கதவின் கைப்பிடியில் கை வைப்பார், அங்கே நிறுத்துவேன். ஆறு நாள் வாசகர்கள் என்னைத் திட்டுவார்கள். ஏழாம் நாள் கதவு திறக்கும். உள்ளே பெரும்பாலும் பூனைதான் இருக்கும். அப்படிப்பட்ட என்னிடமே ஒரு மனிதர் அதே வேலையைக் காட்டிவிட்டுப் போனார்.

போன மாதம் என் கணினி ஒரு முழு அத்தியாயத்தை விழுங்கிவிட்டு ஒன்றும் தெரியாத முகத்தோடு உட்கார்ந்திருந்தது. சர்வீஸ்காரர் வந்தார். பக்கத் தகட்டைக் கழற்றினார், உள்ளே ஊதினார், தும்மினார், பேச்சுவாக்கில் ஆரம்பித்தார்.

"உங்களோடது பரவாயில்ல சார். போன வாரம் ஒரு காலேஜ் லேப்ல ஒரு பொண்ணு ஒரு மெஷினை ஒன்பது நாளா அணைக்காமலே வச்சிருந்தா. அணைச்சா எல்லாம் போயிடும். ஊர்ல எந்த மரத்தோட நிழல் எத்தனை மணிக்கு எங்க விழுதுன்னு ஒரு மேப். அவங்க அம்மா தபால் குடுக்கிறவங்களாம், வெயில்லயே நடக்கிறவங்க. அதுக்காகப் போட்டிருக்கா."

"அணைச்சா ஏன் போகணும்?"

"அந்த லேப்ல அப்படி ஒரு செட்டிங் சார். இதுல கூத்து என்னன்னா, அங்க தினமும் சாயங்காலம் மெயினை இறக்கிட்டுத்தான் பூட்டுவாங்க. நான் போன அன்னிக்கு கம்ப்ளெய்ன்ட் தாள்ல இருபத்திரண்டாம் நம்பர்னு இருக்கு. 'பழுது' ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது பதினாலுல. நாம எதை நம்புவோம்? ஸ்டிக்கரைத்தானே. நேரா போய் பதினாலு முன்னாடி உட்கார்ந்து பவர் பட்டனை அழுத்திப் பிடிச்சேன் பாருங்க, வாசல்ல அந்தப் பொண்ணு வந்து நின்னு..."

அவருடைய செல்போன் அடித்தது. எங்கேயோ ஓர் அலுவலகத்தில் எல்லாம் ஸ்தம்பித்துவிட்டதாம். தகட்டை மூடி இரண்டு திருகாணிகளை மாட்டினார். மூன்றாவதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"மீதிய அடுத்த தடவை வரும்போது சொல்றேன் சார்."

அடுத்த தடவை வரவில்லை. ஏனென்றால் அன்றிலிருந்து என் கணினி பத்தரை மாற்றுத் தங்கமாக ஓடுகிறது. நன்றாக ஓடும் கணினியைப் பார்த்துப் பல்லைக் கடித்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

2

எப்படி ஆரம்பிப்பது என்று மூன்று முறை முயன்றேன்.

*முதல் முயற்சி:* மணி பத்து ஐம்பது. அந்த விரலுக்கும் பொத்தானுக்கும் நடுவே ஒரு நூலிழை இடைவெளி. யாருக்கும் தெரியாமல் ஒரு நிழல்—

வேண்டாம். என் நாற்பத்தோரு தொடர்களில் முப்பத்தெட்டு இப்படித்தான் தொடங்கின.

*இரண்டாம் முயற்சி:* மரங்கள் தங்கள் நிழலைத் தரையில் விரித்து வைத்துவிட்டு, யாராவது வந்து உட்காரட்டும் என்று

(இந்த வாக்கியத்தை முடிக்க வெட்கமாக இருந்தது. அப்படியே விட்டிருக்கிறேன்.)

*மூன்றாம் முயற்சி* அவளுடைய லேப்டாப்பிலிருந்து. இது பரவாயில்லை என்று தோன்றுகிறது. சர்வீஸ்காரர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கல்லூரி லேப்பில் ஒரு கணினியை ஒன்பது நாள் அணைக்காமல் காப்பாற்றுகிற பெண்ணுக்கு வீட்டில் நல்ல லேப்டாப் இருக்க வாய்ப்பே இல்லை. ஆகவே:

வகுப்பில் அவளுக்குப் பெயர் 'லோடிங்'. என்ன கேட்டாலும் உடனே பதில் வராது. கண் மேலே போகும், உதடு லேசாக அசையும், பிறகுதான் பேச்சு. தோழிகள் ஒருநாள் கைக்கடிகாரம் வைத்துப் பார்த்தார்கள். சராசரி ஐந்து நொடி. 'சாப்பிட்டியா' என்ற கேள்விக்கும் ஐந்து நொடிதான்.

லேப்டாப் அண்ணன் கொடுத்தது. அண்ணன் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனபோது, சொத்தில் பாதியை எழுதி வைப்பதுபோல அதை அவள் கையில் வைத்தான். பேட்டரி செத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. சார்ஜர் முனையைத் துணி மாட்டும் கிளிப்பால் ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்தால்தான் மின்சாரம் ஏறும். திரை தானாக நிற்காது. பின்னால் அகராதியை முட்டுக் கொடுக்க வேண்டும். இடைவெளி விடும் கட்டையை இரண்டு முறை அடித்தால் ஒரு இடைவெளி விழும், சில நாள் மூன்று விழும். வரைபட மென்பொருளைத் திறந்தால் மாவு அரைக்கிற சத்தம் வரும். பத்து நிமிடம் அரைத்துவிட்டு, வெள்ளைத் திரை. நாளை ஒப்படைக்க வேண்டிய பாடம் இருந்தால் அன்றுதான் அதற்குத் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் ஆசை வரும். முப்பது சதவீதத்தில் நின்று, 'அணைத்துவிடாதீர்கள்' என்று கெஞ்சும். அந்த நேரம் பார்த்துத்தான் கிளிப் நழுவும்.

அண்ணனுக்குப் போன் செய்தாள்.

"எங்கிட்ட சூப்பரா ஓடுச்சேடி. நீ என்ன பண்ண அதை?"

ஐந்து நொடி.

"ஆன் பண்ணேன்."

3

இப்போது அந்த மேப்.

போன கோடையில் ஒருநாள், பகல் பதினொன்றே முக்காலுக்கு, அம்மா ஒரு நீண்ட மதில் ஓரமாகத் தபால் பையோடு உட்கார்ந்துவிட்டாள். கண் இருட்டியிருக்கிறது. யாரோ தண்ணீர் தெளித்து வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். மகள் பதறிப்போய் நின்றபோது அம்மா சொன்னது: "ஒண்ணுமில்லடி. லெட்டர் ஒண்ணுகூடக் கீழ விழல."

அந்த மதிலுக்கு நேர் எதிரே, சாலையின் அந்தப் பக்கம், வரிசையாக ஆறு மரங்கள் இருந்தன. மறுநாள் லோடிங் போய்ப் பார்த்தாள். அதே பதினொன்றே முக்கால். அந்தப் பக்க நடைபாதை முழுக்க நிழல். எட்டடி அகலச் சாலையைக் கடந்திருந்தால் போதும்.

(எட்டடி சாலை என்பது இல்லை. இருபதடி என்று திருத்திக்கொள்ளுங்கள். ஆத்திரத்தில் அவளுக்கு எட்டடியாகத் தெரிந்தது என்று நான் சமாளிக்கலாம். ஆனால் தப்பு என்னுடையது.)

கல்லூரியில் கடைசி வருடத்துக்கு ஓர் ஆய்வு செய்து ஒப்படைக்க வேண்டும். மற்றவர்கள் போன வருடத்து ஆய்வின் தலைப்பை மாற்றிக்கொண்டிருந்தபோது இவள் சாக்பீஸும் அளவுநாடாவுமாகத் தெருவில் இறங்கினாள். அம்மாவின் வட்டாரம் முழுக்க நானூற்றுப் பன்னிரண்டு மரங்கள். ஒவ்வொரு மரத்துக்கும் பத்து மணி, பன்னிரண்டு மணி, மூன்று மணி. நிழல் முடியும் இடத்தில் ஒரு கோடு, நோட்டில் ஓர் எண். நான்கு மாதம். காவல்காரர்கள் இரண்டு முறை விசாரித்தார்கள். நாய்கள் விசாரிக்காமலே துரத்தின.

எண்கள் நோட்டில் இருந்தன. அவற்றை வரைபடமாக்க வேண்டும். அண்ணனின் லேப்டாப்பில் நடக்காது. கல்லூரி லேப்தான் கதி.

அந்த லேப்பின் கணினிகளுக்கு ஒரு குணம் உண்டு. அணைத்துப் போட்டால் எல்லாவற்றையும் மறந்துவிடும். மாணவர்கள் கண்டதையும் ஏற்றி வைக்கிறார்கள் என்று நிர்வாகம் அப்படி ஒரு மென்பொருளைப் போட்டிருந்தது. மறுபடி திறக்கும்போது, நேற்று நீ யார் என்று கேட்கும். பென் டிரைவ் துளைகளை அரக்கு வைத்து அடைத்தாயிற்று. கல்லூரித் தளத்தைத் தவிர வேறு எதுவும் திறக்காது. ஆளுக்கு ஒரு சின்னச் சேமிப்புப் பெட்டி உண்டு. அதில் கட்டுரை எழுதி வைக்கலாம், நானூற்றுப் பன்னிரண்டு மரங்களை வைக்க முடியாது. ஆய்வை ஒப்படைக்கும் பக்கம் ஒரே ஒரு வியாழக்கிழமை காலை பதினொன்றுக்குத் திறக்கும், மாலை நான்குக்கு மூடும். தவறவிட்டால் அடுத்த வருடம்.

எனவே அவள் செய்தது சுலபமான காரியம். பதினான்காம் எண்ணில் உட்கார்ந்து மேப்பைத் தொடங்கினாள். அணைக்காமல் திரையை மட்டும் நிறுத்திவிட்டு எழுந்தாள். மறுநாள் வந்து திரையைப் போட்டால் மரங்கள் அப்படியே நின்றன.

வேறு யாராவது உட்கார்ந்து அணைத்துவிட்டால்? இருபத்திரண்டாம் எண் நிஜமாகவே பழுது. அதில் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் இருந்தது. அதை நகத்தால் பக்குவமாக உரித்து, பதினான்கின் நெற்றியில் ஒட்டினாள்.

4

வில்லன் வேண்டாமா?

லேப் உதவியாளரை எடுத்துக்கொண்டேன். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'ரீஸ்டார்ட்'. எந்த நோய்க்கும் ஒரே மருந்து வைத்திருப்பவர்.

"சார், மவுஸ் நகரல."

"ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க."

"சார், என் ஃபைலைக் காணோம்."

"ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க."

"சார், நேத்து ரீஸ்டார்ட் பண்ணதுலதான் காணாமப் போச்சு."

"இன்னொரு தடவை பண்ணிப் பாருங்க."

சாயங்காலம் ஐந்தரைக்கு ஜன்னல்களைச் சாத்துவார். சுவரில் உள்ள மெயின் ஸ்விட்சை இறக்குவார். டக். முப்பது கணினிகளும் ஒரே மூச்சில் நினைவிழக்கும். பூட்டைப் போட்டு இரண்டு முறை இழுத்துப் பார்ப்பார். கொஞ்சம் மீசை வைத்தேன். சாவிக்கொத்தைச் சுழற்றும் பழக்கம் கொடுத்தேன். அத்தியாயத்தின் கடைசி வரியில் அவர் கை மெயினை நோக்கி

இந்த இடத்தில் நின்றுவிட்டேன். கவனமாகப் படிப்பவர்கள் முதல் பக்கத்திலேயே பிடித்திருப்பீர்கள். நான் நாலாம் பகுதிவரை வந்தேன், அதுவும் வில்லனின் கையைப் பிடித்துக்கொண்டு.

தினமும் மெயினை இறக்குகிறார்கள் என்று சொன்னது சர்வீஸ்காரர். பதினான்கு ஒன்பது நாளாக அணையவில்லை என்று சொன்னதும் அவர்தான். இரண்டும் உண்மையாக இருக்க முடியாது. மெயினை இறக்கினால் ஸ்டிக்கர் என்ன, கோட்டைச் சுவரே கட்டினாலும் பதினான்கு அணைந்துவிடும். (லேப் முழுவதற்கும் உள்ள பேட்டரிப் பெட்டியின் மின்சாரமும் அந்த மெயினைத் தாண்டித்தான் கணினிகளுக்கு வரும். நடுவில் போகிற மின்சாரத்துக்குத்தான் அது காவல். இறக்கிவிட்ட மெயினுக்கு இல்லை.)

கதையில் ஓட்டை. தொடர்கதைக்காரனுக்கு ஓட்டை புதிதில்லை. அடுத்த வாரம் ஒரு கார் விபத்தை வைத்து அடைத்துவிடலாம். ஆனால் இது என் கற்பனையில் விழுந்த ஓட்டை இல்லை. நடந்த விஷயத்தில் விழுந்தது. நடந்த விஷயத்தில் ஓட்டை இருந்தால், அதற்குள்ளே யாரோ ஒரு ஆள் நிற்கிறார் என்று அர்த்தம்.

இரண்டு நாள் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தேன். வேறு பதிலே இல்லை.

ஒன்பது மாலையும் யாரோ மெயினை இறக்கவில்லை. குனிந்து குனிந்து இருபத்தொன்பது கணினிகளையும் ஒவ்வொன்றாக அணைத்துவிட்டு, ஒன்றை மட்டும் விட்டுவிட்டுப் பூட்டியிருக்கிறார். சாவி ஒருவரிடம்தான் இருந்தது.

மீசையை எடுத்துவிட்டேன். சாவிக்கொத்து இருக்கட்டும், அது அவர் வேலைக்கு வேண்டியது.

5

ஆக, அந்த ஒன்பது மாலைகளை மறுபடி எழுத வேண்டியதாயிற்று.

முதல் மாலை அவர் மெயினில் கை வைத்தபோது பதினான்கின் பச்சை விளக்கைப் பார்த்திருப்பார். திரையைப் போட்டுப் பார்த்திருப்பார். ஒரே ஒரு தெரு, பதினேழு மரங்கள், ஓரத்தில் சின்ன எழுத்தில் 'அம்மா: 11.45 – எதிர்ப்பக்கம்'. திரையை நிறுத்தினார். இருபத்தொன்பது கணினிகளை அணைத்தார். முதுகு பிடித்துக்கொண்டது. இரண்டாம் நாள் ஸ்டிக்கர் இடம் மாறியிருந்ததையும் கவனித்தார். இருபத்திரண்டில் ஒட்டியதே அவர்தானே. இருபத்திரண்டில் போய் உட்கார்ந்து திணறிய மாணவனிடம், "வேற மெஷினுக்குப் போங்க" என்று மட்டும் சொன்னார். ரீஸ்டார்ட் பண்ணச் சொல்லவில்லை. மாணவன் திகைத்துப்போனான்.

அவளிடம் ஏன் ஒரு வார்த்தை பேசவில்லை? பேசினால் அவருக்குத் தெரியும் என்று ஆகிவிடும். தெரிந்தால் விதிப்படி அணைக்க வேண்டும். தெரியாதவரைக்கும்தான் உதவ முடியும். அவளும் அவரைப் பார்த்தால் குனிந்துகொள்வாள். இந்த மனுஷன் கண்ணில் படாமல் வியாழன்வரை ஓட்டிவிட வேண்டும் என்று. இரண்டு பேரும் ஒரே ரகசியத்தை ஒருவருக்கொருவர் தெரியாமல் காப்பாற்றினார்கள். இரண்டு பேரும் சேர்ந்து ஒரே விஷயத்தை மறந்தார்கள்: இருபத்திரண்டுக்காக அவர் எப்போதோ எழுதிப்போட்ட புகாருக்கு ஒருநாள் ஆள் வரும். வருகிற ஆளுக்கு ஸ்டிக்கர்தான் தெரியும்.

வியாழன். பத்து நாற்பது. சர்வீஸ்காரர் பையோடு வந்தார்.

உதவியாளர், "உள்ள போங்க, ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும்" என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டு, வருகைப் பதிவில் கையெழுத்து வாங்க அலுவலகத்துக்கு நடந்தார். நடைக்கூடத்தின் பாதியில் கால் நின்றது. தான் என்ன சொன்னோம் என்று காதில் விழ அத்தனை தூரம் ஆகியிருக்கிறது. திரும்பினார். ஓட ஆரம்பித்தார். அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை.

லோடிங் அப்போது துறைத்தலைவரின் கையெழுத்து வாங்கிய படிவத்தோடு படியேறி வந்துகொண்டிருந்தாள். லேப் வாசலில் வந்து நின்றாள். பதினான்கின் முன்னால் முன்பின் தெரியாத ஒரு முதுகு. வலக்கை நீண்டிருக்கிறது. கட்டைவிரல் பொத்தானில்.

அந்தக் கணினிகள் ஒரு தட்டுத் தட்டினால் அசைந்துகொடுக்காது. நான்கு நொடி அழுத்திப் பிடித்தால்தான் அணையும்.

அவளுக்குப் பேச்சு வர ஐந்து நொடி ஆகும்.

ஒன்று. கண் மேலே போனது.

இரண்டு. உதடு அசைந்தது.

மூன்று.

6

ஆறாம் பகுதி இருந்தது.

நடந்ததை ஒளிக்காமல் சொல்கிறேன். 'மூன்று' என்று எழுதிவிட்டு எனக்கே தாங்கவில்லை. நிஜத்தில் என்ன ஆயிற்று என்று தெரிந்தே ஆக வேண்டும். சர்வீஸ் கம்பெனிக்குப் போன் செய்து, சற்றும் கூசாமல், "கணினி ஓடவில்லை" என்று ஒரு பொய்ப் புகார் கொடுத்தேன். ஓடிக்கொண்டிருந்த கணினி பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது. நல்ல கணினியின் நெற்றியில் ஸ்டிக்கர் ஒட்டுவது அவள் ஒருத்தியின் வழக்கம் இல்லை என்று அப்போது புரிந்தது.

நம் ஆள் வரவில்லை. வேறொருவர் வந்தார்.

"உங்களுக்கு முன்னாடி வந்தவர்..."

"அவர் வேற ஏரியா மாறிட்டார் சார். என்ன பிரச்சனை?"

"அது... அவர் ஒரு விஷயம் சொல்லிட்டிருந்தார்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு, நான் வாயைத் திறப்பதற்குள், குனிந்து பொத்தானை அழுத்திப் பிடித்தார். நான்கு நொடி. அந்த நான்கையும் நான் எண்ணிக்கொண்டுதான் நின்றேன். ஆறாம் பகுதியைச் சேமித்திருக்கவில்லை.

"இப்ப நல்லா ஓடுது பாருங்க சார்."

நிஜமாகவே நன்றாக ஓடியது.

தொலைந்த அந்தப் பகுதியில் என்ன எழுதியிருந்தேன் என்று நினைவிருக்கிறது. ஆனால் திருப்பி எழுதியதில் அந்த வேகம் இல்லை, கிழித்துவிட்டேன். இதைச் சொல்வது புலம்புவதற்காக இல்லை. அந்த நான்கு நொடி எப்படி இருக்கும் என்று இப்போது எனக்கு உள்ளிருந்து தெரியும். அதற்குமுன் தெரியாமலே ஐந்தாம் பகுதியை எழுதியிருந்தேன்.

7

முடிவுகள்.

(அ) பத்திரிகை ஆசிரியருக்குப் பிடித்த முடிவு. மூன்றாவது நொடியில் ஊர் முழுக்க மின்சாரம் போகிறது. இருட்டில் ஒரு அலறல். வெளிச்சம் வந்தபோது பதினான்காம் கணினியே அங்கே

பகல் பத்து ஐம்பதுக்கு என்ன இருட்டு? விடுங்கள்.

(ஆ) பேச்சு வரவில்லை. நான்கு. பச்சை விளக்கு அணைந்தது. சர்வீஸ்காரர் திரும்பிப் பார்த்தார். வாசலில் ஒரு பெண், அவள் பின்னால் மூச்சிரைக்க உதவியாளர்.

"இருபத்திரண்டு சார்," என்றார் உதவியாளர். "கம்ப்ளெய்ன்ட் இருபத்திரண்டுக்கு."

"ஸ்டிக்கர் இதுலதானே இருந்துச்சு?"

"நான்தான் மாத்தி ஒட்டினேன்," என்றாள் லோடிங். கேட்ட கேள்விக்கு அவள் உடனே பதில் சொன்னது அதுதான் முதல் முறை.

பிறகு அவள் அழுதிருக்கலாம். நான் அந்த இடத்தில் எட்டிப் பார்க்கவில்லை. ஐந்து மணி நேரம் இருந்தது. உதவியாளர் தன் மேஜைக் கணினியை அவள் பக்கம் திருப்பினார். அதற்கு மறதி நோய் கிடையாது. நோட்டை விரித்து வைத்து ஒருவர் எண்களைப் படிக்க, ஒருவர் பார்த்துச் சொல்ல, அவள் வரைந்தாள். சர்வீஸ்காரர் அடுத்த இடத்துக்குப் போகாமல் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு எண் படித்தார். அதனால்தான் அவருக்கு அம்மாவின் கதை, ஒன்பது நாள் கதை எல்லாம் தெரிந்திருக்கிறது. நான்கு மணிக்குள் நானூற்றுப் பன்னிரண்டு வராது. நூற்றுப் பதினைந்து வரும். அம்மா நடக்கிற தெருக்களை முதலில் போட்டார்கள். மீதியைக் கோடையில் முடித்துக்கொள்ளலாம்.

(இ) பேச்சு வந்தது. மூன்றாவது நொடியில்.

"அண்ணா, கையை எடுங்க."

விரல் விலகியது. சர்வீஸ்காரர் கையை ஏதோ அடுப்பிலிருந்து இழுத்ததுபோல மடியில் வைத்துக்கொண்டார்.

"ஏம்மா, ஷாக் அடிக்குமா?"

"இது பழுது இல்ல. நான் பொய் சொல்லி ஒட்டினது. உள்ள என் மேப் இருக்கு. பதினொரு மணிக்கு அனுப்பணும்."

உதவியாளர் வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது. அவரிடம் சொல்ல என்ன தயாரித்து வைத்திருந்தாளோ, அதைத் தேடினாள். கண் மேலே போனது.

"தேடாதீங்க," என்றார் அவர். "பதினேழாவது மரம் ரோட்டு நடுவில நிக்குது. நடைபாதைக்கு நகர்த்திட்டு அனுப்புங்க. ஆறு நாளா சொல்லணும்னு இருக்கேன்."

ஐந்து நொடி ஆயிற்று, அவளுக்கு அது புரிய.

"சார், தினமும் சாயங்காலம்..."

"இடுப்பு போச்சு," என்றார் அவர்.

எனக்கு (இ)தான் பிடித்திருக்கிறது. அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் பிடித்திருக்கிறது என்பதற்காக நடந்துவிடாது. இருபத்தேழு வருடத்தில் நான் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான். சர்வீஸ்காரருக்கு அவள் கதை முழுக்கத் தெரிந்திருந்தது என்பது என்னை உறுத்துகிறது. காப்பாற்றியவரிடமும் முழுக் கதையையும் சொல்வோம். அணைத்துத் தொலைத்தவரிடமும் அப்படித்தான் சொல்வோம்.

8

பத்திரிகை ஆசிரியருக்கு ஏழு பகுதிகளை அனுப்பினேன். அவர் பழைய காலத்து மனிதர், பதிலைத் தபாலில்தான் போடுவார். அதை எதிர்பார்த்து நேற்று பதினொன்றரையிலிருந்து வாசலில் நின்றேன். எங்கள் தெருவுக்குத் தபால் பதினொன்றே முக்காலுக்கு வரும். வருடக்கணக்காக அந்த நேரம்தான்.

வரவில்லை. பன்னிரண்டு ஆயிற்று. ஒன்று. சாப்பிட்டுவிட்டு வந்து நின்றேன். மூன்று பத்துக்குத் தெருவின் மறுமுனையில் காக்கி நிறப் பை தெரிந்தது. எப்போதும் வருகிற அதே அம்மாள்தான். ஆனால் எப்போதும் வருகிற திசை இல்லை. எங்கள் வரிசையில் நடந்து வரவில்லை, எதிர் வரிசையில், மதில்களுக்கு உள்ளே நிற்கும் தூங்குமூஞ்சி மரங்கள் தெருவுக்கு நீட்டிய நிழலில் வந்தார். என் வீட்டுக்கு நேராக வந்ததும் கடந்து, கடிதத்தைக் கொடுத்து, கையெழுத்துக்குத் தாளை நீட்டினார். நெற்றியில் வியர்வை இல்லை.

"நேரம் மாத்திட்டீங்களாம்மா?"

"ரூட்டையே மாத்தியாச்சு சார். உங்க தெருவில பன்னிரண்டு மணிக்கு ஒரு பொட்டு நிழல் கிடையாது. மூணு மணிக்கு அந்தப் பக்கம் முழுக்க நிழல். முதல்ல மத்த தெருவெல்லாம் முடிச்சிட்டு, கடைசியா இங்க."

கேட்க வேண்டிய கேள்வி நுனிநாக்கில் வந்து நின்றது. உங்களுக்கு ஒரு பெண் இருக்கிறாளா? அந்த மேப்பில் எத்தனை மரம் இருக்கிறது? நூற்றுப் பதினைந்தா, நானூற்றுப் பன்னிரண்டா? ஒரு எண் போதும். கதை முடிந்துவிடும்.

கண் மேலே போயிருக்க வேண்டும் எனக்கு. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் சாலையைக் கடந்து நிழலுக்குள் போய்விட்டார். கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பார். திரும்பி, வெயிலில் இருபதடி நடந்து வந்திருப்பார்.

கூப்பிடவில்லை.

ஆசிரியரின் கடிதத்தில் ஒரே வரி: 'முடிவு எங்கே?'

அது என்னிடம் இல்லை என்று அவருக்கு எழுதப் போகிறேன். உங்கள் தெருவிலும் யாராவது தபால் கொண்டு வருவார்கள். நாளை உச்சிவேளையில் எந்தப் பக்கமாக நடக்கிறார்கள் என்று பாருங்கள். கேட்க வேண்டும் என்று தோன்றினால் நீங்களே கேளுங்கள். முதலில் நிழலில் நிற்க வைத்து ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துவிட்டு.